இரண்டும் இடப்பக்கம்

ஜனவரி 9

அன்புள்ள சிட்டுவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நான் நலம், என் கழுத்து வலி என்னைவிட நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமா? சின்னவளின் இருமல் நின்றதா?

உன் அண்ணனுக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. ஏப்ரல் முதல் வாரம். அப்புறம் ஆறு மாதம் மாடிப்படி ஏறக் கூடாதாம். கீழே குளியலறையை ஒட்டி இருப்பது ஒரே ஓர் அறைதான். எது என்று உனக்குத் தெரியும். என் தையல் அறை. மார்ச் முடிவதற்குள் அதைக் காலி செய்து கட்டில் போட வேண்டும். மெஷினும் ஓர் அலமாரியும் முன் கூடத்துக்கு வரலாம். மற்றதெல்லாம் வெளியே போயாக வேண்டும்.

நீ பார்த்த அறை இல்லை இது. கதவு பாதிதான் திறக்கும், மீதிக்குத் துணி மூட்டை முட்டுக்கொடுத்து நிற்கிறது. லைனிங் துண்டு ஒரு மூலை, திரைச்சீலைத் துணி ஒரு மூலை, "என்றைக்காவது உதவும்" என்று நானே ஆசைப்பட்டு வாங்கிப் பிரிக்காமலே வைத்த கட்டுகள் ஜன்னலை மறைத்துக்கொண்டு. பட்டன் மட்டும் பதினாலு பிஸ்கட் டப்பா. "கட்டில் அப்புறம் போடலாம், முதல்ல நான் உள்ள போக வழி இருக்கான்னு பாரு" என்கிறார் உன் அண்ணன்.

உன் வீட்டில் உப்பு டப்பாவுக்கும் பெயர் ஒட்டி வைத்திருப்பவள் நீ. எங்கே ஆரம்பிப்பது என்று எழுது. போனில் கேட்கலாம் என்றால் இவர் அதைப் பிடுங்கிக்கொண்டு தன் முழங்காலின் சரித்திரத்தை ஆரம்பித்துவிடுவார். நீ வர வேண்டாம். வழி சொன்னால் போதும்.

எல்லாருக்கும் என் அன்பு.

அண்ணி

•

ஜனவரி 20

அன்பு அண்ணிக்கு,

சிட்டுவின் வணக்கம். இருமல் நின்றுவிட்டது, இப்போது அடம் ஆரம்பித்திருக்கிறது. அண்ணனின் காலைப் பற்றிப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. தைரியமாக இருக்கச் சொல்லுங்கள்.

முதலில் எதையும் அடுக்காதீர்கள் அண்ணி. அடுக்குவது என்பது ஒளித்து வைப்பதற்கு இன்னொரு பெயர். கதவோரத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போடுங்கள். நாலு சாக்கு வையுங்கள். தைக்கப் போவது, யாருக்காவது கொடுப்பது, குப்பை, அடுத்தவர் பொருள். அந்தக் கடைசிச் சாக்கை முதலில் முடித்துவிடுங்கள். அடுத்தவர் பொருள் வீட்டில் இருந்தால் நெஞ்சில் கல் மாதிரி கிடக்கும்.

நான் சொல்கிறேன் பாருங்கள் இதை! உங்களிடம் தைக்கச் சொல்லித் தலைமையாசிரியை அம்மா என்னிடம் கொடுத்தனுப்பிய கோட்டுத் துணியைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தவள். அவர் தம்பி முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த துணி. அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தப் பெயர் ஒட்டும் பைத்தியம். பதினொரு வருடமாகியும் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு தடவை திரும்பி ஏறி இருக்கையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன். கண்டக்டர்கள் திட்டுவார்கள். பிள்ளைகள் "அம்மா, எங்களை எண்ணிட்டியா?" என்று கேலி செய்யும். யாராவது ஒரு பையைக் கொஞ்ச நேரம் பிடி என்று கொடுத்தால், திருப்பிக் கொடுக்கும்வரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

பிப்ரவரியில் பத்து நாள் வரட்டுமா? உங்கள் துணியைத் தொட மாட்டேன். நீங்கள் சொல்லச் சொல்லப் பெயர் மட்டும் எழுதி ஒட்டுகிறேன். மேசைக்கு அடியில் குனிகிற வேலையெல்லாம் என்னிடம் விடுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்

சிட்டு

•

பிப்ரவரி 2

அன்புள்ள சிட்டுவுக்கு,

நலமே. உன் நலம் கேட்டு எழுதுகிறேன். வெயிலில் அலையாதே.

நாலு சாக்கு வைத்தேன். உன் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு நீதிபதி உத்தியோகம் பார்க்கிறார். நான் ஒரு துண்டை எடுத்துக் காட்ட வேண்டும், அவர் "குப்பை" என்பார். கத்தரி மட்டும்தான் இதுவரை தப்பித்திருக்கிறது. மூன்று நாளில் கதவு முழுதாகத் திறந்தது. ஜன்னல் இருப்பதே மறந்துபோயிருந்தது, திறந்தால் பக்கத்து வீட்டுக்காரி "புது ஜன்னல் வெச்சீங்களா?" என்று கேட்கிறாள்.

ஒரு குழந்தையின் கவுன் கிடைத்தது, பித்தான் மட்டும் வைக்க வேண்டியது. அதற்குச் சொந்தக்காரி போன வாரம் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் போனாள். கூப்பிட்டுக் கொடுத்தேன். சிரித்து வாங்கிக்கொண்டாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதியோர் இல்லத்துக்கு ஆறு மூட்டை போயிற்று. அங்கே தையல் தெரிந்த இரண்டு பேர் இருக்கிறார்களாம்.

வெட்டும் மேசைக்கு அடியில் இன்னும் கை வைக்கவில்லை. குனிந்தால் கழுத்து பிடித்துக்கொள்கிறது. அவசரமில்லை.

நீ வருவதற்கு இது சமயமில்லை. வீடு முழுக்கத் தூசி, சின்னவளுக்கு மறுபடி இருமல் வரும். படுக்கவும் இடமில்லை. நானே சமாளித்துக்கொள்வேன்.

அன்புடன்

அண்ணி

•

பிப்ரவரி 14

அன்பு அண்ணிக்கு,

வணக்கம். நாங்கள் சுகம். தூசி என்று எழுதியிருந்தீர்கள், மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். துணிக்கா உங்கள் வீட்டில் பஞ்சம்!

ஒரு விஷயம். இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் துணிக் கிடங்குக்குப் பொறுப்பாளர் வேண்டுமாம். படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிகளின் அங்கி, எல்லாம் வார்டுக்குப் போவதும் சலவைக்குப் போய்த் திரும்புவதும் ஒருத்தர் கையில். எங்கள் வீட்டு அலமாரியை ஒருநாள் பார்த்துவிட்டு இவரின் நண்பர் என் பெயரைச் சொல்லிவிட்டார். அவர்களும் கூப்பிட்டுப் பார்த்து, நீயே வா என்கிறார்கள். மார்ச் 25-க்குள் பதில் சொல்ல வேண்டும். "உனக்குன்னே செஞ்ச வேலை" என்று இவர் குதிக்கிறார்.

நான் வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். அடுத்தவர் பொருளை நம்பிக் கொடுக்கிற ஆளா நான்? ஒரே ஒரு பையைப் பத்திரமாகக் கொண்டுவரத் தெரியாதவளிடம் ஆயிரம் விரிப்பைக் கொடுத்தால்?

நீங்கள் என்னை வர வேண்டாம் என்றதற்குக் காரணம் தூசி இல்லை என்று எனக்குப் புரிகிறது அண்ணி. நான் வந்தால் ஏதாவது காணாமல் போகும் என்று யோசிக்கிறீர்கள். வருத்தமில்லை. நியாயம்தான்.

அண்ணனுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

சிட்டு

•

பிப்ரவரி 22 (தபாலில் சேர்க்காதது)

சிட்டு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மேசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நானே வைத்தது. ஒரு தகரப் பெட்டி. அதில் அந்தக் கோட்டுத் துணி இருக்கிறது. நீ அதை எந்தப் பஸ்ஸிலும் விடவில்லை. ஒழுங்காகக் கொண்டுவந்து, அலமாரியின் இரண்டாம் தட்டில் வைத்து, "நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து வெட்டலாம் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாய்.

நான் காத்திருக்கவில்லை. விடிந்ததும் தனியாக எடுத்து விரித்தேன். துணியை மடித்துப் போட்டு வெட்டினால் ஒரு முன்பாகம் வலது, ஒன்று இடது என்று தானாக வந்துவிடும். அன்றைக்கு அகலம் போதவில்லை. ஒற்றையாக விரித்து ஒவ்வொன்றாக வெட்டினேன். இரண்டாவதற்கு மாதிரிக் காகிதத்தைத் திருப்பிப் போட வேண்டும். உனக்கு முதல் நாளே நான் சொல்லிக் கொடுத்த பாடம் அது. நான் திருப்பவில்லை. வெட்டி முடித்து எடுத்துப் பார்த்தால் இரண்டும் இடப்பக்கம். அந்தத் துணிக்கு ஒரு பக்கம்தான் முகம், பின்பக்கம் சொரசொரப்பு, புரட்டிப் போட்டும் தைக்க முடியாது. மிச்சமும் இல்லை. நான்

(இதற்கு மேல் எழுதவில்லை)

•

மார்ச் 3

அன்புள்ள சிட்டுவுக்கு,

நீங்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டும். பதில் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

ஆஸ்பத்திரி வேலையை விடாதே. நல்ல வாய்ப்பு. பழசையெல்லாம் மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. யானைக்கும் அடி சறுக்கும். யார்தான் மறக்கவில்லை? அந்தத் துணி விஷயத்தை நான் என்றைக்கோ மறந்துவிட்டேன். உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நீயும் மறந்துவிடு.

அறை முக்கால்வாசி காலி. சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறது. உன் அண்ணன் நலம்.

அன்புடன்

அண்ணி

•

மார்ச் 10

அன்பு அண்ணிக்கு,

சிட்டுவின் வணக்கங்கள். உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். வருத்தம் கிடையாது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்து அழுதுவிட்டேன். பதினொரு வருடத்தில் நீங்கள் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. உங்கள் பெரிய மனசுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

ஆனால் வேலை விஷயத்தில் என் முடிவு மாறவில்லை. போன வாரம் அதிகாரி கூப்பிட்டிருந்தார். வழக்கமாக எல்லாரையும் கேட்கிற கேள்விதானாம். "இதுக்கு முன்னாடி உங்க பொறுப்புல இருந்த பொருள் ஏதாவது காணாம போயிருக்கா?" என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? "ஆமா சார், ஒரு தடவை" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "இவ்வளவு உண்மையா பேசுற ஆள்தான் எங்களுக்கு வேணும்" என்றார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வேண்டாம் என்று கடிதம் எழுதி வைத்துவிட்டேன். 25-ஆம் தேதி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இவர் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

உங்கள் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

என்றும் உங்கள்

சிட்டு

•

மார்ச் 15 (விரைவுத் தபால்)

சிட்டு,

இதோடு ஒரு பழைய கடிதம் வைத்திருக்கிறேன். பிப்ரவரி 22-ல் எழுதி, பாதியில் நிறுத்தி, பட்டன் டப்பாவில் போட்டு வைத்தது. முதலில் அதைப் படி. அப்புறம் இதற்கு வா.

படித்துவிட்டாயா?

மிச்சத்தைச் சொல்கிறேன். ஒரு வாரம் கழித்துத் தலைமையாசிரியை அம்மா வந்தார். "கோட்டு ஆயிடுச்சா?" என்றார். வெட்டில் தப்பு என்று என் வாயால் சொல்ல முடியவில்லை. என் கத்தரி தப்பு பண்ணாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். "துணி இன்னும் என் கைக்கே வரலையே" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு உன் பக்கம் திரும்பிப் பார்த்தேன். துணி கொண்டுவந்த அன்று நீ மூன்று பை எடுத்து வந்திருந்தாய். யோசித்தாய். உன் முகம் வெளுத்தது. "பஸ்ஸிலயே விட்டுட்டேனோ?" என்று நீயே கேட்டாய். நான் ஒரு பொய்தான் சொன்னேன். மீதியை நீ சொல்ல, நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அலமாரியில் வைத்த ஞாபகம் இருக்கிறது என்று அன்று சாயங்காலம் நீ ஒரு தடவை சொன்னாய். "அது வேற பை" என்றேன். அந்த ஒன்றைத்தான் என்னால் தாங்க முடியவில்லை சிட்டு. உன் ஞாபகத்தையே உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டேன்.

உன் அண்ணன் மூன்று நாள் பஸ் நிலையத்துக்கு நடந்தார். சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினார். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் அதை ஓர் அறை துணியில் மறைத்தேன். அந்தப் பெட்டிமேல் ஒரு மூட்டை, அதன்மேல் ஒரு மூட்டை. யாராவது ஒதுங்க வைக்கிறேன் என்றால் சண்டை பிடித்தேன். எனக்குத் துணிமேல் ஆசை என்று எல்லாரும் நினைத்தீர்கள். நீ வந்தால் மேசைக்கு அடியில் குனிவாய் என்றுதான் வர வேண்டாம் என்றேன்.

போன கடிதத்தில் உன்னை மன்னித்தேன் பார், அதை நினைத்தால் எனக்கே என்னைக் கண்டால் அருவருப்பாக இருக்கிறது. நீ அதற்கு நன்றி வேறு சொல்லிவிட்டாய்.

நீ எதையும் தொலைக்கவில்லை. ஒருநாளும் தொலைக்கவில்லை. அந்த அதிகாரியிடம் நீ சொன்னது பொய், அது என் பொய். 25-ஆம் தேதிக்குள் இது உன் கைக்கு வர வேண்டும் என்றுதான் விரைவுத் தபாலில் போடுகிறேன். மன்னிப்பு கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கேட்கிறேன்.

அண்ணி

•

மார்ச் 30

கடிதம் 17-ஆம் தேதி வந்தது. என் வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன்.

அண்ணனிடமும் தலைமையாசிரியை அம்மாவிடமும் நீங்கள் சொல்ல வேண்டும். கடிதத்தில் வேண்டாம். நேரில், உங்கள் வாயால். என்னைப் பற்றி அவர்கள் முன்னால்தான் சொன்னீர்கள்.

அண்ணனிடம் இப்போது வேண்டாம். ஆபரேஷன் முடிந்து அவர் தேறிய பிறகு சொல்லுங்கள்.

சிட்டு

•

ஏப்ரல் 24

சிட்டு,

உன் அண்ணனுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. இப்போது கைத்தடியோடு நடக்கிறார். தையல் பிரித்தாயிற்று.

சொல்லிவிட்டேன்.

அவரிடம் பன்னிரண்டாம் நாள் சொன்னேன். அந்த அறையிலேதான், அவர் கட்டிலில் படுத்திருக்க. இப்போது அங்கே கட்டிலையும் ஒரு நாற்காலியையும் தவிர ஒன்றுமில்லை, பேசினால் எதிரொலிக்கிறது. முழுதும் கேட்டார். "அன்னிக்கு சாப்பிடும்போது நான் சிட்டுவை என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "எனக்கும் இருக்கு" என்றார். அவ்வளவுதான். நாலு நாள் என்னிடம் பேசவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால்கூட டம்ளரைத் தட்டினார். நடப்பேன் என்று தானே எழுந்து விழப் பார்த்தார், அப்போதும் என் கையைப் பிடிக்கவில்லை, சுவரைப் பிடித்தார்.

தலைமையாசிரியை அம்மா ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருக்கிறார். விசாரித்துப் போனேன். தெருமுனை வரை போய் இரண்டு தடவை திரும்பிவிட்டேன், மூன்றாம் தடவை மணி அடித்தேன். இரண்டு துண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கணக்கு டீச்சராக இருந்து தலைமையாசிரியை ஆனவர் அல்லவா, சட்டென்று புரிந்துகொண்டார். "ரெண்டுமே இடதா?" என்றார். கோபப்படுவார் என்று பார்த்தேன். "துணி போனா போகட்டும்மா, தம்பி இன்னொண்ணு வாங்கிக் கொடுத்தான்" என்றார். அப்புறம் ஒன்று சொன்னார். உனக்குத் தெரியுமோ தெரியாதோ. அந்த வருடம் அவர் பள்ளியில் தையல் ஆசிரியை வேலைக்கு நீ விண்ணப்பம் போட்டிருந்தாயாம். "பொறுப்பு போதாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். அதை இப்ப யார்கிட்ட போய் அடிச்சுத் திருத்துறது?" என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன். தெருவில் யார் என்னைப் பார்த்தாலும் அவர்களுக்கும் தெரியும் என்று தோன்றியது.

நீ விண்ணப்பம் போட்டதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வேலை என்னவாயிற்று என்று கேட்க எனக்கு உரிமையில்லை. பிள்ளைகளின் விடுமுறையில் ஒரு தடவை வா. உன் காலில் விழுந்து கேட்டால்தான் என் மனசு ஆறும்.

அண்ணி

•

மே 16

அண்ணிக்கு,

வணக்கம். அண்ணன் எனக்குக் கடிதம் போட்டிருந்தார். அவர் கையெழுத்தில் எனக்கு வந்த முதல் கடிதம் அதுதான். நாலே வரி. மூன்று வரி முழங்கால். நாலாவது வரி என்னவென்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

தையல் ஆசிரியை வேலைக்கு ஏன் கூப்பிடவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். எனக்குத் தகுதி இல்லை என்று நானும் ஒத்துக்கொண்டேன். அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஏப்ரல் முதல் தேதி சேர்ந்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்த மறுநாளே போய்க் கையெழுத்துப் போட்டேன். "சார், ஒண்ணு காணாம போச்சுன்னு சொன்னேனே, அது காணாம போகல" என்றேன். "கிடைச்சிடுச்சா?" என்றார் அதிகாரி. "ஆமா சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

போன வாரம் ஏழு தலையணை உறை குறைந்தது. வார்டு நர்ஸ் வந்து, நேற்றே கிடங்குக்கு அனுப்பியாயிற்று, நான்தான் எங்கேயோ வைத்துவிட்டேன் என்று சத்தம் போட்டார். என்னையறியாமல் தலையாட்டக்கூட ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் நிறுத்தினேன். "என்கிட்ட வரல, சலவைல பாருங்க" என்றேன். சலவையில்தான் இருந்தன. அவர்கள் எல்லாரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

விடுமுறைக்கு வா என்று எழுதியிருந்தீர்கள். நான் வரவில்லை. கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் காரணம் அதுவல்ல. நான் வந்தால் நீங்கள் அழுவீர்கள். நீங்கள் அழுதால் நான் "பரவாயில்லை அண்ணி" என்று சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். இத்தனை வருடமாக என் காலை மிதித்தவர்களிடம்கூட நான்தான் அதைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன், வாய் பழகிப்போய்விட்டது. இந்த ஒன்றுக்கு அதைப் பழக்கத்தில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. நிஜமாகத் தோன்றுகிற அன்று சொல்கிறேன். அது எப்போது என்று எனக்குத் தெரியாது.

கடிதம் போடுங்கள். பதில் போடுவேன்.

சிட்டு